வேலிக்குள் திரும்பிய விராலி

புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கரடுகளில் விராலியைப் பார்க்காமல் நடந்துவிட முடியாது. பாறை இடுக்கிலும் காய்ந்த சரிவிலும் ஆள் உயரப் புதராக நிற்கும். இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும். காய் சிவந்து, மெல்லிய இறக்கைகளோடு காற்றில் சலசலக்கும். வீக்கத்துக்கு இலையை வதக்கிக் கட்டுவார்கள். விராலிமலைக்குப் பெயர் வந்ததே இந்தச் செடியால்தான் என்று சொல்வதுண்டு. மற்றபடி அதை ஒரு பொருட்டாக யாரும் நினைப்பதில்லை.

இதே விராலி, பசிபிக் பெருங்கடலின் நடுவிலிருக்கும் ஹவாய்த் தீவுகளிலும் மண்ணின் செடி. மனிதர் யாரும் கொண்டுபோகாமல், தானாகக் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதன் பெயர் அஅலிஇ. அங்குள்ள மாவி தீவில், இனி தேறாது என்று பலரும் கைகழுவிய ஒரு மலைக்காட்டை மீட்டபோது, முன்னால் போய் நின்று வேலை செய்தது இந்தச் செடிதான்.

அந்தக் காடு இருந்த இடம் அரசு வனம் இல்லை. உலுபலகுவா என்ற தனியார் மாட்டுப் பண்ணையின் மேய்ச்சல் நிலம். அங்கிருந்த அவுவாஹி என்ற சரிவில் 1997-ல் பத்து ஏக்கரைச் சுற்றி வேலி போடப் பண்ணைக்காரர்கள் சம்மதித்தார்கள். ஆர்ட் மெடீரோஸ் என்ற உயிரியலாளர் அந்தப் பத்து ஏக்கரை எடுத்துக்கொண்டார். மாடு மேய்க்கிறவரும் காடு வளர்க்கிறவரும் ஒரே நிலத்தில் எப்படி ஒத்துப்போனார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தத் தீவின் தண்ணீர்க் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையை அறிந்தவர்களுக்கு மாவியை விளக்குவது எளிது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் வெயில் காயும். மாவியின் கிழக்குப் பாதி முழுவதும் ஹலேயகலா என்ற ஒற்றை எரிமலை. உயரம் 10,023 அடி. வடகிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசும் காற்று அதில் முட்டி மேலேறி மழையாக விழுகிறது. காற்று முட்டும் பக்கத்தில் மலைமேல் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 10,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சிரபுஞ்சியை எட்டிப்பிடிக்கும் அளவு. அதே மலையின் மறுபக்கம், கடற்கரையோரக் கிஹேய் ஊரில், ஆண்டு முழுவதும் பத்துப் பன்னிரண்டு அங்குலம் பெய்தால் அதிகம். சுற்றுலா விடுதிகள் வரிசைகட்டி நிற்பது இந்த வறண்ட பக்கத்தில்தான். வெயிலைத் தேடி வருகிறவர்கள் குளிக்கும் தண்ணீர் மலைமேல் நனைகிற காட்டிலிருந்து வருகிறது.

பெரிய ஆறு கிடையாது, பனிமலை கிடையாது. பெய்த மழை எரிமலைப் பாறை வழியாக இறங்கி நிலத்தடியில் தேங்கினால் உண்டு. இல்லாவிட்டால் ஓரிரு நாளில் செம்மண்ணையும் வாரிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். எவ்வளவு தேங்கும், எவ்வளவு ஓடும் என்பதை மேலே நிற்கும் காடு தீர்மானிக்கிறது. ஓஹியா மரம், அதன் அடியில் மரப் பெரணி, அதன் கீழே சிறு செடி, பாசி, ஈரமான மக்கு என்று ஹவாயின் மலைக்காடு நாலைந்து அடுக்காக இருக்கும். மழைத்துளி தரையைத் தொடுவதற்குள் வேகமெல்லாம் இழந்துவிடும்.

மழையே பெய்யாத நாளிலும் இந்தக் காடு தண்ணீர் சேர்க்கும். மேகம் தரையோடு தவழும் உயரத்தில் இலைகளும் பாசியும் மூடுபனியை உறிஞ்சிச் சொட்டவிடுகின்றன. பக்கத்துத் தீவான லானாயில் இதைப் பற்றி ஒரு கதை பிரபலம். நியூசிலாந்துக்காரரும் 1911-ல் அங்கே பண்ணை மேலாளராக வந்தவருமான ஜார்ஜ் மன்றோ, வீட்டருகே நின்ற நார்ஃபோக் பைன் மரத்திலிருந்து தகரக் கூரையில் ராத்திரியெல்லாம் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டாராம். நம்மூரில் தொட்டியில் வைத்து ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று விற்கிறார்களே, அதன் வகையறா. வெளியே மழை இல்லை. மரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அதன்பின் லானாயின் மலைமுகட்டில் அந்த இனத்து மரங்களை அவர் வரிசையாக நடவைத்தார். இன்றும் அவை அங்கே நிற்கின்றன.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மரம் வைத்தால் ஆற்றில் தண்ணீர் பெருகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது தவறு. மரமும் தண்ணீர் குடிக்கும். எந்த மரம், எந்த உயரத்தில், மேகம் வரும் இடமா வராத இடமா என்பதையெல்லாம் பொறுத்தது அது. ஹவாயிலேயே, பிரேசிலிலிருந்து வந்து காட்டை விழுங்கிவரும் ஸ்ட்ராபெரி கொய்யா, உள்ளூர் ஓஹியாவைவிட அதிகமாகத் தண்ணீரை ஆவியாக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான்.

இனி பழைய கதை. 1778-ல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் ஹவாயில் ஆடுகளை இறக்கினார். 1793-ல் இன்னொரு ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவர் மாடுகளைக் கொண்டுவந்து அரசர் கமேஹமேஹாவுக்குப் பரிசளித்தார். பெருகட்டும் என்று நினைத்து, அவற்றைக் கொல்லக் கூடாது என அரசர் தடை போட்டார். அந்தத் தடை முழுதாக விலகியது 1830-ல். அதற்குள் மாடுகள் காட்டு மாடுகளாகி மலையேறிவிட்டன. கொம்பும் குளம்பும் உள்ள எந்த விலங்கையும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பார்த்தறியாதவை ஹவாயின் செடிகள். முள் கிடையாது, கசப்பு கிடையாது. மேய்ச்சலுக்கு மடியேந்தி நின்றது போல இருந்தது காடு. இடையில் சந்தன வியாபாரம் வேறு. ஹவாய்ச் சந்தனம் கப்பல் கப்பலாகச் சீனாவுக்குப் போய், சில பத்தாண்டுகளில் தீர்ந்தும் போனது.

அப்புறம் கரும்பு வந்தது. கரும்புக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது காவிரிக் கரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மாவியின் சமவெளியோ காய்ந்த பூமி. 1876-ல் அலெக்சாண்டர், பால்ட்வின் என்ற இரு தோட்ட முதலாளிகள் கிழக்கு மாவியின் மழைக்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். அது நாளாவட்டத்தில் 74 மைல் நீளமுள்ள வாய்க்கால், சுரங்கப் பின்னலாக வளர்ந்தது. வாய்க்கால் வெட்டினால் போதாது, அதில் தண்ணீர் வர வேண்டும் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. மலையில் காடு மொட்டையாக ஆக, ஓடைகள் வற்றின. காட்டைக் காப்பாற்று என்று அரசை நச்சரித்தவர்கள் இயற்கை ஆர்வலர்கள் அல்ல, சர்க்கரை முதலாளிகள்! 1903-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு ரால்ஃப் ஹாஸ்மர் முதல் வன அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அரசு நிலத்தோடு தனியார் நிலத்தையும் உடையவர் ஒப்புதலோடு காப்புக் காட்டில் சேர்க்கலாம் என்ற ஏற்பாடு அப்போதே இருந்தது.

அந்தக் காலத்து வன அதிகாரிகள் ஒரு பெரிய தப்பும் செய்தார்கள். உள்ளூர் மரங்கள் நோஞ்சான்கள், இனி தாக்குப்பிடிக்காது என்று முடிவுகட்டி, யூகலிப்டஸ், சவுக்கு, சில்வர் ஓக் என்று வெளியூர் மரங்களை லட்சக்கணக்கில் நட்டார்கள். வால்பாறை, கூடலூர் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே, அதே சில்வர் ஓக். சில சரிவுகளில் மண் அரிப்பு நின்றது உண்மை. ஆனால் அந்த மரங்களில் சில இன்று தாமே பரவி, இருக்கிற காட்டை நெருக்குகின்றன.

மலைக்காடு யாருடையது என்பது அடுத்த சிக்கல். ஹவாயில் காட்டு நிலத்தில் ஏறக்குறைய பாதி தனியாரிடம் இருக்கிறது. 1848-ல் நிலங்களைப் பட்டாவாகப் பிரித்த பிறகு, பெரும் பண்ணைகளும் தோட்டக் கம்பெனிகளும் மலையுச்சி வரை வாங்கிக்கொண்டன. அதற்கு முன் நிலத்தை மலைமுகட்டிலிருந்து கடல்வரை ஒரே கீற்றாகப் பிரித்து, அஹுபுவா என்று பெயரிட்டு ஒரு சமூகமாகப் பயன்படுத்தினார்கள். மேல்காடு, நடுவில் சேம்பு வயல், கீழே மீன்குளம் எல்லாம் ஒரே கணக்கில் இருக்கும். ஹவாய் மொழியில் தண்ணீருக்கு ‘வாய்’ என்று பெயர். செல்வத்துக்கு ‘வாய்வாய்’.

பட்டா பிரிந்த நிலத்தில், ஆடுமாடுகளோடு சேர்ந்து காட்டைக் குலைக்கும் காட்டுப்பன்றி எல்லை பார்த்து மேயுமா? ஒரு பண்ணைக்காரர் தன் பங்கில் பன்றிகளை விரட்டினால் அவை பக்கத்துப் பண்ணைக்குப் போய், பதினைந்து நாளில் திரும்பி வரும். அரசு தன் நிலத்தில் களை பிடுங்கினால், மேலே இருக்கும் தனியார் நிலத்திலிருந்து விதை காற்றில் இறங்கும். தனித்தனியாக எவ்வளவு செலவழித்தாலும் வீண் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரையும் ஒரு மேசையில் உட்கார வைக்கத்தான் ஆள் இல்லை.

1991-ல் கிழக்கு மாவியில் அது நடந்தது. இரண்டு மாட்டுப் பண்ணைகள், அந்தப் பழைய கரும்பு வாய்க்கால் நிறுவனம், மாநில அரசு, ஹலேயகலா தேசியப் பூங்கா, நேச்சர் கன்சர்வன்சி என்ற தொண்டு நிறுவனம், மாவட்ட நிர்வாகம் ஆகியோர் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் ஏக்கருக்கு ஒரு கூட்டு ஏற்பாட்டில் கையெழுத்திட்டார்கள். கிழக்கு மாவி நீர்ப்பிடிப்புக் கூட்டமைப்பு என்று அதற்குப் பெயர். ஹவாயில் இதுதான் முதலாவது. இன்று இப்படிப் பத்துக் கூட்டமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் பொறுப்பில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல், அதாவது மாநில நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றே. யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நிலம் அவரவர் பெயரிலேயே இருக்கும். விருப்பமில்லாதவர் விலகிப் போகலாம். கூட்டமைப்புக்கென்று ஒரு சிறு களப்பணிக் குழு உண்டு. அவர்கள் எல்லையைப் பார்க்காமல் மலையைப் பார்த்து வேலை செய்வார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் வேலி போட்டால் அதிகக் காடு தப்பிக்கும், எந்த ஓடைவழியாகக் களை ஏறுகிறது என்று கணக்கிட்டு, அந்த இடத்தின் உடைமையாளரிடம் போய் அனுமதி கேட்பார்கள். தாளில் எழுதியதைவிட, வருஷக்கணக்காக ஒரே ஆள் வந்து கேட்பதால் உண்டாகும் நம்பிக்கைதான் அங்கே செல்லுபடியாகிறது என்று தோன்றுகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது? மாவியின் குடிநீர்த் துறை தன் வருவாயிலிருந்து இந்தக் கூட்டமைப்புகளுக்கு மானியம் தருகிறது. குழாயைத் திறக்கிறவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு, தண்ணீர் பிறக்கும் காட்டுக்குப் போகிறது. தனியார் நிலத்தை நிரந்தரமாகக் காடாக விட்டுவிடச் சம்மதித்தால், உடைமையாளர் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் சேர்த்துத் தரும் திட்டம் ஒன்றை மாநில அரசு 1991-லிருந்தே நடத்துகிறது. இதையெல்லாம் தர்மமாக யாரும் செய்யவில்லை. ஒவாஹு தீவின் கூலாவ் மலைக்காட்டுக்கு விலை போட்டால் எவ்வளவு வரும் என்று ஹவாய்ப் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 1999-ல் கணக்கிட்டார்கள். 740 கோடி முதல் 1,400 கோடி டாலர் என்று வந்தது. அதில் பெரும் பங்கு நிலத்தடி நீருக்கானது.

செலவில் பெரும்பகுதி மரம் நட ஆவதில்லை, வேலிக்கு ஆகிறது. கம்பியும் கம்பமும் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு மலைக்குப் போகின்றன. சேற்றிலும் மூடுபனியிலும் முகாம் போட்டு ஆட்கள் அடிக்கு அடி நட்டுக்கொண்டு போகிறார்கள். பன்றி உள்ளே வந்தால் மண்ணை உழுவதோடு விடாது. மரப் பெரணியின் தண்டுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தின்பதற்காக அதைச் சாய்த்துக் குடையும். குடைந்த தொட்டியில் மழைநீர் தேங்கும். அதில் கொசு முட்டையிடும். அந்தக் கொசு பறவை மலேரியாவைப் பரப்பும். உலகில் வேறெங்கும் இல்லாத ஹவாய்த் தேன்பறவைகள் இதனாலேயே மடிகின்றன. பன்றி வாயில் தொடங்கிப் பறவையில் முடியும் இந்தச் சங்கிலி ஒன்று போதும், வேலி ஏன் முதல் வேலை என்பதற்கு.

வேலியின் உயரத்தை எட்டடியாக்கிய விலங்கு நமக்கு நன்றாகத் தெரிந்தது: கிண்டி பூங்காவில் குழந்தைகள் கைகாட்டிச் சிரிக்கும் புள்ளிமான். இந்தியாவில் பிறந்த இந்த மான், ஹாங்காங் வழியாக அரசர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாகப் போய், 1868-ல் மொலோகாய் தீவில் அவிழ்த்துவிடப்பட்டது. மாவிக்கு 1959-லும் மறு ஆண்டிலுமாகக் கொண்டுபோனவை மொத்தம் ஒன்பது மான்கள். புலி இல்லை, செந்நாய் இல்லை. ஒன்பது இன்று பல்லாயிரமாகிவிட்டது. வறட்சியில் மேய்ச்சலின்றிக் கூட்டம் கூட்டமாகச் செத்த மான்களால் மாநில ஆளுநர் அவசர நிலையே அறிவிக்க வேண்டிவந்தது. எலியைப் பிடிக்கக் கரும்புத் தோட்டக்காரர்கள் 1883-ல் இறக்கிய கீரியும் இந்தியச் சரக்குதான். எலி ராத்திரியில் திரிய, கீரி பகலில் திரிந்து பறவை முட்டைகளைத் தின்று தீர்த்த கதை தனி.

அவுவாஹிக்குத் திரும்புவோம். ஹலேயகலாவின் காய்ந்த தெற்குச் சரிவில் சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது அது. தாவரவியலாளர் ஜோசப் ராக், ஹவாய் மரங்களைப் பற்றி 1913-ல் வெளியிட்ட நூலில், தீவுகளிலேயே மரவகை செழித்த இடங்களில் ஒன்றாக அவுவாஹியைக் குறித்தார். சந்தனம், கருங்காலி இனத்து லாமா, ஒலிவ இனத்து ஒலோபுவா, கருவிக்கும் சாயத்துக்கும் மருந்துக்கும் ஆகும் பல மரங்கள் அங்கே இருந்தன. ஹவாயின் வறண்ட காடுகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டதாகக் கணக்கு. அவுவாஹியில் எஞ்சியதையும் காடு என்று சொல்ல முடியாது. புல்வெளியின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிழட்டு மரங்கள். கன்று என்று ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைகளெல்லாம் வெளியூர் போய்விட்ட கிராமத்தில் திண்ணைக்கு ஒரு முதியவர் இருப்பது போல.

விதை விழாமல் இல்லை. முளைக்க இடமில்லை. கென்யாவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்த கிகுயு புல், மெத்தை போல முழங்கால் ஆழத்துக்கு மண்ணை மூடியிருந்தது. ஊட்டிப் புல்தரைகளில் நடந்தவர்கள் அந்த மெத்தையை மிதித்திருப்பார்கள். மழை பெய்தால் தண்ணீரைப் புல்லே வாங்கிக்கொள்ளும். தப்பி முளைத்த கன்றை மாடோ ஆடோ முடித்துவிடும்.

மெடீரோஸும் தன்னார்வலர்களும் செய்த வேலையின் வரிசை முக்கியம். முதலில் வேலி. அடுத்து, கிகுயு புல்லைக் களைக்கொல்லி தெளித்துக் கொன்றார்கள். இயற்கை வழியை விரும்புகிறவர்கள் முகம் சுளிக்கும் இடம் இது. ஆனால் கிகுயு புல்லைக் கொத்தினால் கணுவுக்குக் கணு துளிர்க்கும். பத்து ஏக்கரைக் கையால் பறிப்பது நடக்கிற காரியமில்லை. செத்த புல்லை வாராமல் அப்படியே மூடாக்காக விட்டார்கள். அதன் நடுவே நெருக்கமாக விராலியை நட்டார்கள். அரிய மரங்களை முதலிலேயே வைத்து வெயிலில் சாகவிடாமல், முரட்டு விராலியை முன்னால் அனுப்பியதுதான் சாமர்த்தியம். அது கிடுகிடுவென வளர்ந்து புல்லுக்கு வெயில் கிடைக்காமல் செய்தது, காற்றைத் தடுத்தது, அடியில் ஈரம் தங்கியது. அந்த நிழலில் மற்ற மரங்கள் வந்தன.

சில ஆண்டுகளில், நடாத கன்றுகள் முளைத்தன. பல பத்தாண்டுகளாக ஒரு பிள்ளையும் காணாத கிழட்டு மரங்களின் அடியில் நாற்றுகள் தலைகாட்டின. இந்த நிலத்தை அளந்து 2014-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்லும் கணக்கு இது: தரையில் வெளிநாட்டுப் புல்லின் பரப்பு 75 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. உள்ளூர்ப் புதர்கள் 3 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக ஏறின. தலைகீழ் மாற்றம் என்பார்களே, அது எண்ணிலேயே நடந்திருக்கிறது.

நீருக்கு என்ன ஆயிற்று? மறுநடவு தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்க நிலவியல் துறையினர் வந்து, மீட்ட காட்டிலும் வேலிக்கு வெளியே உள்ள புல்வெளியிலுமாக 55 இடங்களில் மண்ணில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். மீட்ட காட்டின் மண் இரண்டு மடங்கு வேகமாக உறிஞ்சியது. வேர் வழிகளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஆழத்துக்கும் இறங்கியது. காடு அழிய நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. மண் தேறத் தொடங்கப் பதினான்கு வருஷம் போதுமானதாக இருந்தது. இரண்டு மடங்கு என்ற இந்த ஒரு எண்ணைத்தான் பக்கத்துப் பண்ணைக்காரர்களிடம் எடுத்துப்போக முடியும். அரிய மரத்தின் பெருமையைவிட, தன் நிலத்தில் தண்ணீர் இறங்குகிறது என்ற செய்தி அவர்கள் காதில் ஏறும்.

பண்ணைக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். பத்து ஏக்கரை இழந்ததால் மாடு பட்டினி கிடக்கவில்லை. மற்ற நிலத்தில் மேய்ச்சல் தொடர்ந்தது. தீ பரவும் காய்ந்த புல் குறைந்தது. பரம்பரையாக ஒரே நிலத்தில் இருப்பவர்களுக்கு அந்த நிலம் தேய்வதைப் பார்க்கும் வருத்தமும் உண்டு. உலுபலகுவா பண்ணை 2009-ல் இன்னொரு படி மேலே போனது. 11,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை இனி மனை போட்டு விற்பதில்லை, கட்டடம் கட்டுவதில்லை என்று நிரந்தரமாக எழுதிக்கொடுத்தது. நிலம் பண்ணையிடமே இருக்கும், மாடும் மேயும். கடல் தெரியும் சரிவில் ஒரு ஏக்கர் என்ன விலை போகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கையெழுத்தின் கனம் புரியும்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் பொய். வேலி போட்டதும் முதலில் கோபப்பட்டவர்கள் உள்ளூர் வேட்டைக்காரர்கள். பல குடும்பங்களுக்குக் காட்டுப்பன்றி வார இறுதிப் பொழுதுபோக்கு இல்லை, சாப்பாட்டுத் தட்டில் விழும் இறைச்சி. தாத்தா காலத்துத் தடத்தில் திடீரென்று கம்பி நின்றால் யாருக்கும் எரியும். மொலோகாயில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பன்றிக்குக் கண்ணி வைத்தது பெரிய தகராறானது. பிறகு வேட்டைக்காரர்களோடு பேசி, எந்தப் பகுதி காட்டுக்கு, எந்தப் பகுதி வேட்டைக்கு என்று பிரித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை.

இன்னொரு நியாயமான கேள்வி, தண்ணீர் யாருக்கு என்பது. கிழக்கு மாவியின் காட்டைக் காக்கக் கையெழுத்திட்ட அதே வாய்க்கால் நிறுவனம்தான், அந்தக் காட்டின் ஓடைகளை நூற்றாண்டுக்கு மேலாகத் திருப்பிக் கொண்டுபோனது. ஓடையின் கீழே, நெல் வயல் போலத் தண்ணீர் கட்டிச் சேம்பு பயிரிடும் ஹவாய்க் குடும்பங்களுக்குக் காய்ந்த படுகைதான் மிஞ்சியது. நாம் புளிக்குழம்பில் போடும் அதே சேப்பங்கிழங்கு அவர்களுக்கு முன்னோர் தந்த உணவு. அவர்கள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 2016 டிசம்பரில் மாவியின் கடைசிக் கரும்பாலை மூடியது. 2018-ல் மாநில நீர் ஆணையம், சேம்பு விளையும் பல ஓடைகளுக்குத் தண்ணீரை முழுதாகத் திருப்பிவிட உத்தரவிட்டது. நீர்ப்பிடிப்புக் காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் மேல்மடையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். கடைமடையைச் சேர்க்காவிட்டால் கணக்கு பாதிதான்.

மூடிய கரும்புத் தோட்டங்களில் என்ன முளைத்தது என்பதை 2023 ஆகஸ்ட் 8 அன்று உலகம் பார்த்தது. உழுவாரில்லாத வயல்களில் கினியா புல்லும், காங்கேயம் பக்கத்தில் கொழுக்கட்டைப் புல் என்று அருமையாக வளர்க்கிறோமே, அந்தப் புல்லும் ஆளுயரம் காய்ந்து நின்றன. சூறைக்காற்றில் பற்றிய தீ லஹைனா நகரை அழித்தது. 102 பேர் இறந்தார்கள். அதே நாளில் ஹலேயகலாவின் மேற்குச் சரிவில் குலா பகுதியும் எரிந்தது. அங்கே எரிந்ததில் பெரும்பங்கு யூகலிப்டஸும் சீகை மரமும். நீலகிரியில் சோலைக்கும் புல்வெளிக்கும் எமனாக நிற்கும் அதே சீகை. எரிந்த இடத்தில் அதன் விதைகள்தான் முதலில் அடர்ந்து முளைத்தன. வீடிழந்தவர்கள் உட்பட அந்தப் பகுதியின் நில உடைமையாளர்கள் கூடி, சீகை நாற்றுகளைப் பிடுங்கி, உள்ளூர்ச் செடிகளை நட ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். இந்த முறை கையெழுத்திட்டவர்கள் பெரும் பண்ணைகள் அல்ல. கொஞ்ச நிலம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள்.

அவுவாஹியில் மாதந்தோறும் தன்னார்வலர்கள் லாரியேறிப் போகிறார்கள். காலையில் நாற்றுப் பெட்டிகளை முதுகில் சுமந்து, கரடுமுரடான எரிமலைக் கல்லில் ஏறி, மதியத்துக்குள் நட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இதுவரை பல்லாயிரம் பேர் கைவைத்திருக்கிறார்கள். முதல் பத்து ஏக்கரில் நுழைகிறவர்களுக்குத் தலைக்குமேல் நிழல் இருக்கிறது. வேலிகள் விரிந்து நூற்றுச் சொச்சம் ஏக்கராகியிருக்கின்றன.

ஹலேயகலாவின் வறண்ட சரிவு முழுவதற்குமாக 2003-ல் நில உடைமையாளர்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் பரப்பு சுமார் 43,000 ஏக்கர். அதில் பெரும்பகுதியில் இன்றைக்கும் புல்தான் நிற்கிறது.